ஆடுகளத்திற் கற்ற பாடம்

விளையாட்டு என்னுஞ் சொல்லை நம்மவர் பேச்சு வழக்கு மிகத் தாழ்ந்ததோர் இடத்தில் இருத்தியிருக்கிறது. கருத்தின்றிச் செய்த பிழையை "விளையாட்டாகச் செய்துவிட்டேன்" என்கிறோம். பொறுப்பறியாத மகனை "விளையாட்டுப் பிள்ளை" என்று சொல்லிப் பெற்றோர் நொந்துகொள்கின்றனர். தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினை வகுக்குமிடத்து, செல்வத்தோடும் அறிவோடும் ஒருசேர வைத்து விளையாட்டையும் எண்ணினார். முல்லைக்கலிப் பாடல்கள் பல ஏறுதழுவும் களத்தையே அரங்காகக் கொண்டன. இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருபவன் நான். ஆயினும், விளையாட்டினின்றும் ஒருவன் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டென்பதை நான் ஏட்டிலிருந்து அறிந்தேனல்லேன். 1996 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17 ஆந் திகதி இரவு, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திலே, சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் முன்னே தரையில் அமர்ந்து அறிந்தேன்.

அவ்வாண்டின் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தின. ஜனவரி 31 ஆந் திகதி கொழும்பில் மத்திய வங்கியிற் குண்டு வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அச்சங் காரணமாக அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் கொழும்புக்கு வர மறுத்தன. இந்திய வீரரும் பாகிஸ்தானிய வீரரும் ஓரணியாகத் திரண்டு கொழும்புக்கு வந்து விளையாடி, அஞ்சற்க என்று தோள்கொடுத்தனர். வர மறுத்த அவுஸ்திரேலியாவையே இறுதியாட்டத்தில் இலங்கை லாகூரிற் சந்திக்க நேர்ந்தது.

நாங்கள் ஆட்டங்களைப் பார்த்த பெட்டி, மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணாய் உழைத்த ஒரு தாய் அனுப்பிய பணத்தில் வாங்கியது. லயத்துக்கு மின்சாரம் வரவில்லை. ஹட்டன் நகருக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வந்த கார் பட்டரியே அதற்கு உயிர். மூங்கிற் கழியிற் கட்டிய அன்டெனாவைக் காற்று அசைக்குந்தோறும் படம் மங்கும். ஒரு சிறுவன் வெளியே ஓடிக் கழியைத் திருப்புவான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாற்பது பேர் அமர்ந்திருந்தோம். எஞ்சியோர் இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்தனர்.

அக்கூட்டத்தில் என் பெரியப்பாவும் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் வாசகர்க்குச் சிறிது வரலாறு கூறவேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தேயிலை மலைகளில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் மிகப் பெரும்பாலாரை எந்நாட்டவருமல்லர் என்னும் நிலைக்குத் தள்ளியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மிகுந்த 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஏற்பாடு. மிகுந்தோரை 1974 இல் இருநாடுகளும் செம்பாதியாகப் பகிர்ந்தன. பங்கிட்டவர் பேசினர், பங்கிடப்பட்டவரை ஒருவருங் கேட்டிலர். இதன் பயனாக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிய என் தந்தையார் இலங்கைப் பிரஜையாகவும், பெரியப்பா இந்தியக் கடவுச்சீட்டு உடையவராகவும் ஆயினர். பெரியப்பா புறப்படுவதற்குள் போர் மூண்டது. இராமேசுவரத்துக்குச் செல்லுங் கப்பல் நின்றது. அவர் பிறந்த லயத்திலேயே அயல்நாட்டவராய்த் தங்கிவிட்டார்.

மார்ச் 13 ஆந் திகதி கல்கத்தாவில் நடந்த அரையிறுதி ஆட்டத்தில் இலங்கையும் இந்தியாவுமே எதிரெதிர் நின்றன. இலங்கை 251 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்னும் நிலையிலிருந்து எட்டு விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. காண வந்தோர் வெகுண்டு போத்தல்களை எறிந்தனர்; இருக்கைகளுக்குத் தீ வைத்தனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கே வெற்றி வழங்கப்பட்டது. இளைஞர் ஆரவாரித்தோம். பெட்டியுள் இந்திய வீரர் வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு வெளியேறினார். ஒரு பையன் பெரியப்பாவைச் சீண்டும் நோக்கில், "பெரியவரே, ஒங்க நாடு தோத்துப்போச்சே!" என்றான். பெரியப்பா சினக்கவில்லை. "ரெண்டு பக்கமும் நம்ம புள்ளைகதான்டா. யாரு தோத்தாலும் எனக்குத்தான் சோறு எறங்காது" என்றார். அதன்பின் ஒருவரும் ஆரவாரிக்கவில்லை.

ஆகவே இறுதியாட்டத்தன்று எங்கள் நெஞ்சில் ஓர் ஆறுதல் இருந்தது. அன்று பெரியப்பாவும் ஐயமின்றிக் கைதட்டலாம். எங்கள் கண்களெல்லாம் ஒருவரையே தேடின. முத்தையா முரளிதரன் 1972 ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்தவர். என்னைவிட ஓராண்டு இளையவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். கண்டி அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசத் தொடங்கிய முரளிதரன், பதினான்காம் வயதிற் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரையாற் சுழற்பந்துக்கு மாறினார். இறுதியாட்டத்தில் இறங்கிய பதினொருவருள் அவர் ஒருவரே தமிழர்.

அதற்கு மூன்று திங்கள்கூட நிறையாத முன்பு, 1995 டிசம்பர் 26 இல், மெல்பேர்ண் அரங்கில் நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுள் ஏழு முறை கைநீட்டி, முரளிதரன் பந்தை எறிகிறார் என்று 'நோ போல்' கூறினார். ஜனவரியில் பிரிஸ்பேனில் மற்றொரு நடுவரும் அவ்வாறே செய்தார். கிரிக்கெட்டில் அக்கறையில்லாத என்னை இச்செய்தியின்பால் இழுத்தது ஒரு சொற்பொருள் ஐயமே. வீசுதலும் எறிதலும் அகராதியில் ஒருபொருட் கிளவிகள். ஆடுகளத்தில் ஒன்று அறம், மற்றது பழி! அவ்விதியை விசாரித்தறிந்தேன். முழங்கை வளைந்திருத்தல் குற்றமன்று. வளைந்த கையைப் பந்து விடும் வேளையில் நிமிர்த்துதலே குற்றம். முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றும் நிமிராதது. கூனல் கண்ட கண், அக்கூனல் இயற்கையோ செயற்கையோ என்று ஆராயுமுன் தீர்ப்பளித்துவிட்டது.

இச்செய்தி என்னை ஏன் அவ்வளவு வருத்தியது என்பதையும் மறையாமற் சொல்கிறேன். அக்காலத்தில் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் இளம் ஆசிரியன். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிற் பண்டிதர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்விற் குறையில்லை. வாய்மொழித் தேர்விலே பெரியார் ஒருவர் என்னைப் பத்து நிமிடம் பேசவிட்டுப் புன்னகைத்து, "உம்முடைய நாவில் தேயிலைக் கொழுந்து இருக்கிறது ஐயா, தமிழைக் காணோம்" என்றார். உடனிருந்தோர் சிரித்தனர். நான் தேறவில்லை. ஊர் திரும்பி நன்னூலையும் தொல்காப்பியத்தையும் தகரப் பெட்டியிற் பூட்டிக் கட்டிலின் கீழ்த் தள்ளினேன். என் நா பிறவியிலே வளைந்தது, அது நிமிராது என்று நானே நம்பிவிட்டேன். நெருப்புச் சுட்டாற் புண் ஆறும் என்று மாணாக்கர்க்கு ஓதுபவனுக்குத் தன் புண்ணை ஆற்றத் தெரியவில்லை.

இனி அந்த இரவுக்கு வருவோம். அதுகாறும் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டங்கள் ஐந்திலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருக்க, இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் அவுஸ்திரேலியாவையே முதலில் ஆடவிட்டார். அவர்கள் ஒரு விக்கெட்டுக்கு 137 ஓட்டங்கள் எடுத்தபோது காம்பராவில் மூச்சுச் சத்தமும் இல்லை. பின்னர்ச் சுழற்பந்தாளர் வசம் ஆட்டம் வந்தது. முரளிதரன் பந்தைக் கையில் எடுத்தபொழுது, நடுவரின் கை நீளுமோ என்றே நான் பார்த்திருந்தேன். அவர் நடுவரை நோக்கவில்லை. முன்பு எவ்வாறு வீசினாரோ அவ்வாறே, அதே வளைந்த கையால், அதே அகன்ற விழியோடு ஓடிவந்து வீசினார். பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்தார். சுழற்பந்திற் பெருவல்லவரான ஷேன் வோர்னை ஏமாற்றி முன்னே இழுத்துக் களுவிதாரணவின் கையால் ஆட்டமிழக்கச் செய்தார். கை நீளவில்லை.

பந்து வீசும் முறையைப் பெட்டியில் மெதுவாக மீட்டிக் காட்டினர். என் தாயார் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, "ஏம்ப்பா, அந்தப் புள்ள கையில என்ன கொறை சொல்றாங்க?" என்று வினவினார். கை நிமிராது என்கிறார்கள் என்றேன். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து கிள்ளிய தம் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அவை விரியவில்லை. "என் வெரலுந்தான் நிமிரல. அதுக்காகக் கணக்கப்புள்ள கொழுந்த நிறுக்காம விட்டாரா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களில் நின்றது. இலங்கை 23 ஓட்டங்களுக்குள் இருவரை இழந்து தத்தளித்தது. குருசிங்க 65 எடுத்துத் தாங்கினார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 எடுத்தார். ரணதுங்க 47 உடன் துணை நின்றார். ஏழு விக்கெட்டால் வெற்றி. பாகிஸ்தான் பிரதமர் பேநசீர் பூட்டோ கிண்ணத்தை வழங்கினார். அப்பொழுது பெரியப்பா எழுந்து நின்றதைக் கண்டேன். கூரை தாழ்ந்திருந்தமையால் தலை குனிந்தே நின்றார். ஒன்றும் பேசவில்லை; துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு, "காலையில பெரட்டுக்குப் போவணும்" என்று வெளியேறினார்.

மறுநாட் காலை நான் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். நூல்களின் அட்டையிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வெயிலிற் பரப்பிக் காயவைத்தேன். இரண்டாண்டுகள் கழித்து அதே தேர்வுக்குச் சென்றேன். அதே நாவினாலேயே பேசினேன், தேறினேன். வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு அடுத்து இடுக்கண் அழியாமையை ஏன் வைத்தார் என்று அதன்பிறகே எனக்கு விளங்கிற்று. முயற்சி மேற்கொண்டவனுக்கே இடுக்கண் வருகிறது. வந்தபோதும் கைவிடாதவனுக்கே முயற்சி பயன்தருகிறது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். முரளிதரன் லயத்திற் பிறந்தவரல்லர். அவர் தந்தையார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். ஒருவர் வெற்றியால் ஒரு மலைநாட்டின் பசி தீருமோ என்று அன்பர் சிலர் வினவுவர். தீராது. லாகூரில் வென்ற மறுநாளும் எங்கள் லயத்தின் கூரை ஒழுகியது. பின்னாளில் அவர் கூறிய அரசியற் கருத்துக்களோடு உடன்படாதார் பலர் உளர் என்பதையும் அறிவேன். ஒரு மனிதர் தம் தொழிலிற் காட்டிய உறுதியைக் கற்பதற்கு அவருடைய எல்லாக் கருத்தையும் ஏற்கவேண்டுவதில்லை. நான் அவரிடம் கற்றது ஒன்றே: குறை என்று பிறர் சொன்னதைத் தானும் குறை என்று ஒப்புக்கொள்ளாமை.

அவரோ வாயினாற் சாதிக்கவில்லை, அளவைக்கு உடன்பட்டார். 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கையை ஆராய்ந்தனர். எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்றனர். ஐயம் அதனோடு ஒழியவில்லை. 2004 இல் அவருடைய வேறொரு பந்தின்மேல் மீண்டும் வினா எழுந்தது. அவ்வேளை அதிவேகப் படக்கருவிகளால் மற்றப் பந்துவீச்சாளரையும் அளந்து நோக்கினர். ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் சிறிதளவு நிமிர்கிறது, கண் அதனைக் காண்பதில்லை என்பது வெளிப்பட்டது! 2005 மார்ச் முதல் எல்லார்க்கும் பொதுவாகப் பதினைந்து பாகை வரம்பு வகுக்கப்பட்டது. அவர்பொருட்டே விதி தளர்த்தப்பட்டது என்போர் இன்றும் உளர். எனக்குத் தோன்றுவது வேறு. ஒருவர் கையை அளக்கப் புகுந்தவர்கள் ஈற்றிற் தங்கள் அளவுகோலையும் அளக்க வேண்டியவராயினர்.

எங்கள் மக்களின் கதையும் இதுவே. 1948 இல் எடுத்த கோலை மாற்றி வைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1964 ஒக்டோபர் முதல் இங்கு வாழ்ந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் குடியுரிமை வழங்கிற்று. பெரியப்பாவும் இந்தியக் கடவுச்சீட்டைத் துறந்து ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டார். தாம் பிறந்த இடத்திற்கு உரியவர் ஆவதற்கு அவர் அறுபத்தைந்து ஆண்டு காத்திருந்தார்.

இவ்வளவும் உணர்ந்தவன் பிறர்க்குத் தீங்கிழையான் என்று வாசகர் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2010 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்தினேன். தலைப்பு, 'எங்கள் ஊரின் காலைப்பொழுது'. ஒரு சிறுமி, தன் தாய் இருள் புலருமுன் பெரட்டுக்களத்துக்கு ஓடுவதை எழுதியிருந்தாள். சிவப்பு மையினால் அச்சொல்லை அடித்து, 'கொச்சை' என்று ஓரத்தில் எழுதினேன். ஏட்டைப் பெற்ற பிள்ளை என் மேசையருகே நின்று தயங்கினாள். "ஐயா, அப்ப பெரட்டுக்களத்துக்கு நல்ல தமிழ்ல என்ன பேரு?" என்றாள். 'வருகைப் பதிவுக் களம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒரு களத்தில் எவர் காலும் பதிந்ததில்லை. எவர் தாயும் மழையில் நனைந்து நின்றதில்லை. வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்த 'பரேட்' என்னுஞ் சொல், நூற்றாண்டு கடந்த கண்ணீரில் ஊறித் தமிழாகிவிட்டது. நான் விடை கூறாது அவளை அனுப்பினேன்.

அவ்வாரமே, ஜூலை 22 இல், காலியில் முரளிதரன் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தின் முடிவு நாளில் இருந்தார். எட்டு விக்கெட்டுகள் வேண்டியிருக்க, இவ்வாட்டத்தோடு விலகுவேன் என்று முன்னரே அறிவித்துவிட்டு இறங்கியவர் அவர். 799 ஆகிவிட்டது. இந்தியாவின் கடைசி இணை நெடுநேரம் அசையவில்லை. ஆசிரியர் அறையிலிருந்த பெட்டியின்முன் பிள்ளைகள் யன்னல் வழியே குவிந்தனர், அச்சிறுமியும் நின்றாள். கடைசியாக ஓஜாவின் துடுப்பிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பற்றினார். எண்ணூறு! டெஸ்ட் வரலாற்றில் வேறெவரும் அதுவரை எட்டாத எண்; இன்றளவும் எட்டாத எண். பிள்ளைகள் துள்ளினர். நான் மட்டும் கைதட்டக் கூசி நின்றேன். லாகூர் இரவில் நடுவரின் கை நீளுமோ என்று அஞ்சியவன், பின்னர் தானே நடுவனாகித் தன் கையை நீட்டியிருக்கிறான். அளந்து பார்க்காமலே நீட்டியிருக்கிறான். வாய்மொழித் தேர்வில் என்னைப் பார்த்துச் சிரித்த பெரியாரின் முகத்தை அன்று என் முகத்திற் கண்டேன்.

மறுநாள் அவள் ஏட்டை வாங்கி, சிவப்பு மையை வெட்டி, 'பெரட்டுக்களம்' என்று பச்சை மையால் மீள எழுதிக்கொடுத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

இன்னும் ஒரு கடன் எனக்கு உண்டு. என்னைப்போல் தேர்வுப் பயம் பிடித்த ஆசிரியர்கள், விளையாட்டுக்கென ஒதுக்கிய பாடவேளையை இலக்கணத்துக்கும் கணிதத்துக்குமாகக் கடன் வாங்குவது வழக்கம். வாங்கினோமே யன்றித் திருப்பிக் கொடுத்ததில்லை. சரிவான மலையிற் சமதரை அரிது. இருக்குஞ் சிறு சமதரையையும் கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ கொடுத்துவிடுகிறோம். பெண்பிள்ளை பருவமெய்தினால் ஓட்டம் அவளுக்கு அடாது என்று விலக்குகிறோம். தோட்ட நிருவாகத்தாரும் பெற்றாரும் ஆசிரியருமாகக் கூடி, பாடசாலைக்கொரு களமும், களத்துக்கொரு வேளையும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த உரிமையும் வகுப்பது இயலாத காரியமன்று. எல்லாரும் எண்ணூறு விக்கெட் வீழ்த்தவேண்டும் என்பதன்று கருத்து. தோற்றவன் மறுநாளும் அதே களத்துக்கு வருதல் என்னும் பாடத்தை எந்த உரையாசிரியரும் விளையாட்டைப்போல் விளக்கியதில்லை.

என் தாயார் இன்றில்லை. அவர் விரல்கள் கடைசிவரை நிமிரவேயில்லை. ஆயினும், அவை கிள்ளிய கொழுந்தை ஒருநாளும் எவரும் நிறுக்காமல் விட்டதில்லை. நம்மிடம் ஏட்டோடு வருகின்ற பிள்ளைகளின் நாவையும் கையையும் வளைந்தவை என்று தள்ளுமுன், அவை கொண்டுவந்ததை முதலில் நிறுத்துப் பார்ப்போமாக.